சொல்லியவரும் சொல்லும்

1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், கரீபியக் கடலிலுள்ள செயின்ட் தாமசு, செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்னும் மூன்று சிறு தீவுகளில் டென்மார்க்கின் கொடி இறங்கிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி ஏறிற்று. விலை இரண்டரைக் கோடி டாலர். தீவுகளை விற்கலாமா என்று டென்மார்க் மக்களிடம் முந்திய டிசம்பரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. தீவுகளில் வாழ்ந்தவர்களுள் மிகப் பலர் அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. நிலத்தோடு சேர்ந்து அவர்களும் கைம்மாறினர்.

இரண்டு நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, வாசிங்டனில் கூடிய அமெரிக்கப் பேரவையின் முன் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் எழுந்து நின்று செருமனியோடு போர் தொடுக்க ஒப்புதல் கேட்டார். மக்களாட்சிக்கு அஞ்சாமல் வாழத்தக்க இடமாக உலகை ஆக்க வேண்டும் என்றார். சிறிய நாட்டினங்களின் உரிமைக்காகவும், ஓர் ஆட்சிக்கு அடங்கி நடப்போருக்கு அவ்வாட்சியில் குரல் இருக்க வேண்டும் என்பதற்காகவும் தம் நாடு போரிடும் என்றார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு வருவது இயல்பே. அந்தச் சிரிப்போடு நின்றுவிடுவதா, அதற்கு அப்பாலும் சிந்திக்க ஏதேனும் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. தீய செயல் செய்த கை, நல்ல சொல் ஒன்றை எழுதினால், அச்சொல்லை நாம் என்ன செய்வது? கையைக் கண்டு சொல்லைத் தள்ளுவதா? சொல்லைக் கண்டு கையை மன்னிப்பதா?

உலக வழக்கில் நாம் முதல் வழியையே எடுத்துக்கொள்கிறோம். அறம் பேசுவோனை நோக்கி, "முதலில் உன் வீட்டைப் பார்" என்கிறோம். கணக்கு வேறு; திருடன் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நான்குதான். ஆனால் நீதியைப் பற்றிய சொல் வெறும் செய்தியன்று. "மக்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமை உண்டு" என்று ஒருவன் கூறும்போது, அவ்வுரிமையை நான் மதிப்பேன் என்னும் உறுதியும் அதனுள் அடங்கியே வருகிறது. உறுதி பொய்யெனக் கண்டதும் சொல்லும் பொய்யென்று நமக்குத் தோன்றுகிறது. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், அதனைச் செய்தியின் உண்மையால் அளக்காமல், பிறருக்குத் தீங்கு இல்லாமை என்னும் பயனால் அளந்தார். அவ்வளவுகோலை இங்கு வைத்துப் பார்ப்பதற்கு முன், அந்தக் கை செய்தவற்றைச் சிறிது விரிவாகக் காண வேண்டும்.

அமெரிக்கா கடல் கடந்து விரிந்த கதையில் 1898ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அதற்கு முன்னும் அந்நாடு விரிந்தே வந்தது. பழங்குடியினரின் நிலமும் மெக்சிகோவின் பாதியும் அவ்வாறே வந்து சேர்ந்தவை. ஆயினும் அவை நிலத்தொடர்ச்சி உடையவை என்பதால் அவற்றைப் பேரரசு என்று எவரும் அழைக்கவில்லை. 1898 பிப்ரவரியில் கியூபாவின் ஆவானாத் துறைமுகத்தில் 'மெயின்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேர் அளவில் மாண்டனர். ஏப்ரலில் ஸ்பெயினோடு போர் மூண்டது. ஸ்பெயினின் கொடுமையிலிருந்து கியூபாவை விடுவிப்பதே போரின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. கியூபாவைத் தன்னோடு இணைத்துக்கொள்வதில்லை என்று அமெரிக்கப் பேரவை சட்டமாகவே எழுதிவைத்தது. பிலிப்பைன்சைப் பற்றி அவ்வாறு எதுவும் எழுதப்படவில்லை என்பதை அன்று பலர் கவனிக்கவில்லை.

மே முதல் நாள் மணிலா விரிகுடாவில் தளபதி டூயி ஸ்பானியக் கப்பற்படையை அழித்தார். எமிலியோ அகினால்டோவின் தலைமையில் பிலிப்பினோ மக்கள் ஸ்பெயினை எதிர்த்து ஏற்கெனவே ஆயுதம் ஏந்தியிருந்தனர். சூன் 12இல் தம் நாட்டின் விடுதலையை அறிவித்தனர். அடுத்த சனவரியில் மலோலோசு நகரில் தமக்கென ஓர் அரசியலமைப்பையும் வகுத்துக்கொண்டனர். இதற்கிடையில், டிசம்பர் 10ஆம் நாள், பாரிசு நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்சு அமெரிக்காவின் உடைமையாயிற்று. அகினால்டோவின் தூதர் பேச்சு மேசையருகே அனுமதிக்கப்படவில்லை. டிசம்பர் 21இல் குடியரசுத் தலைவர் மெக்கின்லி விடுத்த ஆணையில் ஒரு தொடர் வருகிறது. 'நல்லெண்ணத்தோடு தன்மயமாக்கல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். பேரரசுகள் படைக்கலங்களைச் செய்வதில் மட்டுமன்றிச் சொற்களைச் செய்வதிலும் வல்லவை.

1899 பிப்ரவரி 4ஆம் நாள் இரவு மணிலாவின் புறத்தே சண்டை மூண்டது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க மேலவை உடன்படிக்கையை 57க்கு 27 என்ற கணக்கில் ஏற்றது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்கு மிகுதி. அதே மாதத்தில், நம் பம்பாயில் பிறந்த ருட்யார்டு கிப்ளிங், வெள்ளையரின் சுமையை ஏற்க வருமாறு அமெரிக்காவை அழைத்துத் தம் பெயர்பெற்ற பாட்டை வெளியிட்டார். போர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அமெரிக்கத் தரப்பில் நாலாயிரத்துச் சொச்சம் பேரும், பிலிப்பினோப் படைஞரில் இருபதாயிரம் பேர் அளவிலும் மாண்டனர். நோயாலும் பஞ்சத்தாலும் வன்முறையாலும் இறந்த பொதுமக்கள் இரண்டு இலட்சம் பேருக்குக் குறையார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

சமார் தீவின் பலாங்கிகா என்னும் ஊரில் 1901 செப்டம்பர் 28ஆம் நாள் காலை, ஊரார் திடீரெனத் தாக்கி அங்குத் தங்கியிருந்த அமெரிக்க வீரர் ஏறத்தாழ ஐம்பதின்மரைக் கொன்றனர். மாதா கோயில் மணி அத்தாக்குதலுக்கு அடையாளமாக ஒலித்தது என்பர். பழிவாங்க வந்த படைத்தலைவர் சேக்கப் சுமித், ஆயுதம் ஏந்தத்தக்கோர் எவரையும் விட்டுவைக்க வேண்டா என்றார். எந்த வயது முதல் என்று கீழதிகாரி கேட்டபோது, பத்து வயது முதல் என்று விடையளித்தார். பின்னர்ப் படைத்துறை நீதிமன்றம் அவரை விசாரித்தது. கிடைத்த தண்டனை ஒரு கண்டனமும் பணி ஓய்வும். கோயிலின் மூன்று மணிகளை அமெரிக்க வீரர் வெற்றிப் பொருளாக எடுத்துச் சென்றனர்.

இக்கொடுமைகளை அமெரிக்கர் அறியாமல் இருந்தனர் என்பதற்கில்லை. அறிந்தனர்; எதிர்த்தவரும் பலர். 1898இல் பாசுடன் நகரில் தோன்றிய பேரரசு எதிர்ப்புக் கழகத்தில் எழுத்தாளர் மார்க் டுவைன், மெய்யியலாளர் வில்லியம் சேம்சு, இரும்பாலை முதலாளி கார்னகி ஆகியோர் இருந்தனர். எனினும் எதிர்ப்பாளர் எல்லாரும் அறத்தின்பாற் பட்டவர் என்று எண்ணிவிடலாகாது. நிறத்தாரை நம் குடியரசில் சேர்த்தால் நம் குருதி கெடும் என்று அஞ்சி எதிர்த்தவரும் அவ்வணியில் நின்றனர். நல்ல முடிவுக்குத் தீய காரணமும், தீய முடிவுக்கு நல்ல காரணமும் சொல்லப்பட்ட காலம் அது.

நாட்டைக் கைப்பற்றியதற்குச் சொல்லப்பட்ட காரணம் கைப்பற்றியதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது. "இம்மக்கள் தம்மைத் தாமே ஆளும் தகுதியை இன்னும் பெறவில்லை, பெற்றதும் விட்டுவிடுவோம்" என்பதே அது. இவ்வாதத்துக்குப் புலமைச் சான்றிதழ் வழங்கியவர்களுள் பிரின்சுடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். தன்னாட்சி என்பது எவருக்கும் தூக்கிக் கொடுக்கக்கூடிய பொருளன்று என்றும், அது ஒழுக்கத்தின் ஒரு வடிவம், நெடுங்காலக் கட்டுப்பாட்டினால் விளைவது என்றும் அவர் எழுதினார். அவர் பெயர் உட்ரோ வில்சன். 1917இல் உலகின் முன் நின்று பேசியவர் அவரே.

இந்தத் தகுதிக் கோட்பாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதில் உண்மையின் துண்டு ஒன்று கிடக்கிறது. ஆட்சி ஒரு பயிற்சிதான்; சட்டத்தை மதித்தலும், தோற்றபின் பதவியை விட்டு இறங்குதலும் ஒரே நாளில் வருவன அல்ல. வில்சன் சொன்னதில் இவ்வளவும் மெய். பிழை எங்கே என்றால், தேர்வு வைப்பவர் யார் என்பதில் இருக்கிறது. மாணவன் தேறினால் ஆசிரியர் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தேறாவிட்டால் அவ்வீட்டில் தங்கி விளைச்சலை உண்ணலாம். அப்படிப்பட்ட ஆசிரியர் கையில் எந்த மாணவன் தேறுவான்? நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்கலாம் என்று கரையில் நிறுத்தி வைப்பது போன்றது இது. மலோலோசில் அரசியலமைப்பு எழுதியவர்கள் நீரில் இறங்கியே இருந்தனர். அவர்களைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நீச்சல் பாடம் தொடங்கிற்று.

பிலிப்பைன்சோடு கதை முடியவில்லை. சுருங்கச் சொன்னால், ஹவாய், குவாம், புவெர்ட்டோ ரிக்கோ ஆகியன 1898இலேயே கைவந்தன. கியூபாவுக்கு விடுதலை அளித்தாலும், வேண்டும்போது தலையிடும் உரிமையை 1901இல் அந்நாட்டின் அரசியலமைப்பிலேயே ஏற்றிவைத்தனர். 1903இல் பனாமா. ஹைத்தியில் 1915இல் அமெரிக்கப் படை இறங்கி 1934வரை இருந்தது, அனுப்பியவர் வில்சனே. புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கவரி விதிக்கலாமா என்ற வழக்கில், 1901இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் விதிக்கலாம் என்றது. கொடி சென்ற இடத்துக்கெல்லாம் அரசியலமைப்பு முழுமையாகச் செல்ல வேண்டியதில்லை என்று அத்தீர்ப்பு பொருள்பட்டது. பழத்துக்கு வந்த வழக்கு மனிதரின் உரிமையைத் தீர்த்துவிட்டது.

இனிப் போருக்கு வருவோம். வில்சனுக்கு இங்கே நியாயம் செய்ய வேண்டும். கடன் கொடுத்த வங்கியாளருக்காகவே அமெரிக்கா போரில் இறங்கியது என்று கூறுவோர் உண்டு. நேச நாடுகளுக்கு நியூயார்க் வங்கிகள் பெருங்கடன் கொடுத்திருந்தது மெய்யே. ஆயினும், 1915 மே மாதம் 'லூசிடானியா' மூழ்கடிக்கப்பட்டு 128 அமெரிக்கர் உள்ளிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தபோதும் அவர் போர் தொடுக்கவில்லை. 1917 பிப்ரவரி முதல் எந்நாட்டுக் கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்போம் என்று செருமனி அறிவித்த பிறகே அவர் நிலை மாறிற்று. ஏப்ரல் 6ஆம் நாள் கீழவையில் 373 பேர் ஆதரித்தும் 50 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். எதிர்த்தவருள், அப்பேரவைக்குத் தேர்வான முதற்பெண்மணி சேனட் ராங்கினும் ஒருவர். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1941 டிசம்பரில், சப்பானோடு போர் வேண்டா என்று தன்னந்தனியாக வாக்களித்தவரும் இவ்வம்மையாரே. அவர் முடிவு சரியா என்பது ஒருபுறம் இருக்க, அத்தனிமை எளிதன்று.

மக்களாட்சிக்காகத் தொடுத்த போர் உள்நாட்டில் மக்களாட்சியைச் சுருக்கிற்று. 1917இலும் 1918இலும் வந்த சட்டங்கள் போரை எதிர்த்துப் பேசுவதையே குற்றமாக்கின. பொதுவுடைமை நாட்டமுள்ள தொழிற்சங்கத் தலைவர் யூசின் டெப்சு, ஓகையோ மாநிலத்தின் காண்டன் நகரில் 1918 சூன் 16இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்காகப் பத்தாண்டுச் சிறை பெற்றார். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறையில் இருந்தபடியே குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். கறுப்பின வீரர் ஏறத்தாழ 3,80,000 பேர் அப்போரில் பணியாற்றினர். தனிப் படைப்பிரிவுகளில், தனி உணவறைகளில். அவர்கள் வீடு திரும்பிய 1919இன் கோடையில் பல நகரங்களில் அவர்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன.

இவ்வளவும் வில்சன் சொன்ன சொல்லின் ஒரு பக்கம். அச்சொல் கடல் கடந்து எங்கெங்கோ சென்று எவர் எவர் காதிலோ விழுந்தது என்பது மற்றொரு பக்கம். நம் மதுரையில் 1842இல் பிறந்த ஒருவர் காதிலும் அது விழுந்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாகத் தற்காலிகமாகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் சர் எசு. சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்பது மக்கள் வழங்கிய பெயர். 1917 சூன் மாதத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரை உதகையில் காவலில் வைத்தது சென்னை அரசு. தன்னாட்சிக் கழகத்தின் மதிப்புறு தலைவராய் இருந்த மணி ஐயர், அம்மாதம் 24ஆம் நாள், தம் 74ஆம் வயதில், வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அஞ்சலில் போட்டால் தணிக்கைக்கு அகப்படும் என்பதால், அமெரிக்கா திரும்பிய ஓட்சினர் தம்பதியர் கையில் அது சென்றது. கடிதத்தின் கருத்து எளியது: உலக மக்களாட்சிக்காகப் போரிடுவதாகக் கூறுகிறீர்கள், எங்கள் நாட்டில் அது இல்லை, எங்களுக்குத் தன்னாட்சி உறுதிப்பட்டால் எங்கள் மக்கள் இலட்சக்கணக்கில் உங்கள் போரில் வந்து நிற்பர்.

இச்செயலைப் பேதைமை என்று சொல்வது எளிது. ஹைத்தியையும் மணிலாவையும் அறியாதவராய் மணி ஐயர் ஏமாந்தார் என்று இன்று எழுதுவோர் இருக்கலாம். என் எண்ணம் அதுவன்று. முப்பதாண்டுக்கு மேல் வழக்குமன்றத்தில் பழகியவர் அவர். சான்றுரைப்பவனின் நடத்தை வேறு, அவன் கையெழுத்திட்ட ஆவணம் வேறு என்பதை அவர் அறியாதவரல்லர். நம் வணிகர் வழக்கில் உண்டியல் என்று ஒன்று உண்டு. எழுதியவன் எந்த எண்ணத்தோடு எழுதினான், அவன் நல்லவனா என்றெல்லாம் அதை ஏந்தி வருபவன் விசாரிப்பதில்லை. தாளில் கையெழுத்து இருக்கிறது, தொகை இருக்கிறது, பணத்தை எண்ணி வை என்கிறான். மணி ஐயர் வில்சனின் சொல்லை அவ்வாறே ஏந்திச் சென்றார். வில்சனைத் தம் வள்ளலாக அவர் கருதவில்லை. கடன்காரராகக் கருதினார் என்பதே பொருத்தம்.

பணம் உடனே கிடைக்கவில்லை. 1918இல் செய்தி வெளிப்பட்டு இலண்டன் நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மாண்டேகு அக்கடிதத்தைக் கடிந்து பேசினார். ஆங்கில அரசு அளித்த 'சர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் மணி ஐயர் திருப்பியனுப்பினார். ஒத்துழையாமை இயக்கம் பட்டங்களைத் துறக்குமாறு அழைப்பதற்கு ஈராண்டுகளுக்கு முந்திய செயல் இது.

அதே உண்டியலை ஏந்தி வந்தவர் வேறு பலர். நியூயார்க்கில் லாலா லசபதி ராய், கெய்ரோவில் சாத் சக்லூல், சியோலில் மாணவர்கள், பாரிசில் குயென் ஆய் குவோக் என்ற பெயரில் மனு அளித்த வியத்நாம் இளைஞர் ஒருவர். அவ்விளைஞரைப் பின்னாளில் உலகம் ஓ சி மின் என்று அறிந்தது. 1919 ஏப்ரல் 11ஆம் நாள் பாரிசில், உலக நாடுகள் சங்கத்தின் விதிமுறையில் நாடுகளின் சமத்துவம் பற்றிய ஒரு தொடரைச் சேர்க்க வேண்டும் என்று சப்பான் முன்மொழிந்தது. இன வேற்றுமைக்கு எதிரான கருத்து அது. இருந்த 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தன. தலைமை வகித்த வில்சன், ஒருமனதாக இல்லை ஆதலின் நிறைவேறவில்லை என்றார். பெரும்பான்மையே போதும் என்று வேறு சிலவற்றை அக்குழு ஏற்றிருந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில் சாலியன்வாலாபாகில் சுட்டனர். இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனால் போருக்குப் பிந்திய உலகம் எப்படி இருக்கப்போகிறது என்பதை அந்த மூன்று நாட்களில் கண்டுகொண்டவர் பலர். தில்லியில் வாழும் நாம் மாலை நேரங்களில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காற்று வாங்கும் இந்தியா வாயில், அப்போரிலும் அதை ஒட்டிய போர்களிலும் மடிந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு எழுப்பியது. கல்லில் பெயர் வந்தது. கேட்ட உரிமை அன்று வரவில்லை.

இப்போது வினாவுக்குத் திரும்பலாம். கையைக் கண்டு சொல்லைத் தள்ளலாமா? தள்ளியிருந்தால் பயனடைந்திருப்பவர் யார் என்று கேட்க வேண்டும். நடிப்பின்றி, "வலியவன் கொள்வான், எளியவன் கொடுப்பான்" என்று வெளிப்படையாகச் சொல்லும் பேரரசும் உலகில் இருந்ததுண்டு. அதனிடம் முறையிட ஒன்றுமில்லை. சுவரோடு பேசுவது போன்றது. அறத்தின் மொழியைப் பேசிக்கொண்டே அறம் தவறுபவன் கேட்பவர் கையில் ஒரு பிடியைக் கொடுத்து விடுகிறான். அதற்காக அவனைப் பாராட்ட வேண்டியதில்லை. அவன் அதை அறிந்து கொடுக்கவில்லை.

ஆயினும் இவ்விடையை எண்ணி நான் முழு நிறைவு அடையவில்லை. பிடியைப் பற்றியவர் கொடுத்த விலை பெரிது. 1919 மார்ச்சில் வில்சனின் சொல்லை நம்பித் தெருவில் இறங்கிய கொரியர் சுடப்பட்டனர். சக்லூல் மால்டாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஏப்ரலில் எகிப்தின் மீது ஆங்கிலேயர் கொண்ட காப்பாட்சியை அமெரிக்கா ஒப்புக்கொண்டது. வில்சனின் அயலுறவு அமைச்சர் லான்சிங்கே இந்தத் தன்னுரிமைப் பேச்சு நிறைவேறாத ஆசைகளைக் கிளறிப் பல உயிர்களைக் குடிக்கும் என்று தம் குறிப்பில் எழுதி அஞ்சினார். நல்ல சொல்லைச் சொல்லி உயிர்களைத் தெருவுக்கு அழைத்துவிட்டு வாயிலைச் சாத்திக்கொள்பவன் மேல், ஒன்றுமே சொல்லாதவனைவிடக் கூடுதலான பழி உண்டு என்றே கருதுகிறேன். சொல் பயன்பட்டது என்பது சொன்னவனின் கணக்கில் வரவாகாது. மறுபுறம் ஒன்றையும் மறைக்கலாகாது: 1920 டிசம்பரில், ஆட்சியின் இறுதியில், உடல் நலிந்த வில்சன் பிலிப்பைன்சுக்கு விடுதலை தரலாம் என்று பேரவைக்கு எழுதினார். தம் சொல் தம் வீட்டு வாயிலுக்கு வந்து நின்றதை ஒருவாறு உணர்ந்தார் போலும். பேரவை செவிசாய்க்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இதே காட்சி மீண்டும் வந்தது. 1941 ஆகஸ்டில் ரூசுவெல்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக்குச் சாசனத்தில் எல்லா மக்களும் தமக்கு வேண்டிய ஆட்சியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஒப்பினர். அது இந்தியாவைக் குறிக்காது என்று அடுத்த மாதமே சர்ச்சில் கூறிவிட்டார். 1942 சூலை 1ஆம் நாள் காந்தியடிகள் ரூசுவெல்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும் வரையில், அமெரிக்காவில் நீக்ரோ மக்களின் சிக்கல் தீராதிருக்கும் வரையில், மக்களாட்சிக்காகப் போரிடுகிறோம் என்னும் நேச நாடுகளின் கூற்று உள்ளீடற்று ஒலிக்கிறது என்றார். நேச நாடுகளின் வெற்றியையும் அதே கடிதத்தில் அவர் விரும்பினார். சிரிப்போடு ஒதுக்காமலும் வணங்கி ஏற்காமலும் பேசும் ஒரு முறை அக்கடிதத்தில் இருக்கிறது. மணி ஐயரின் கடிதத்துக்கு இது தம்பி முறை.

சப்பானியரிடமிருந்து பிலிப்பைன்சை மீட்டது அமெரிக்கப் படை. 1945 பிப்ரவரியில் ஒரு மாதம் நடந்த மணிலாச் சண்டையில் ஒரு இலட்சம் பொதுமக்கள் அளவில் மாண்டனர். சப்பானியரின் படுகொலைக்குப் பலியானவரும் உண்டு, அமெரிக்கப் பீரங்கிகளால் மடிந்தவரும் உண்டு. 1946 சூலை 4ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அப்படியானால் பழைய கடன் தீர்ந்ததா? ஒருவனை ஆற்றில் தள்ளியவன், வேறொரு நாள் வெள்ளத்தில் அவனை மீட்டால், மீட்டது மெய், தள்ளியதும் மெய்யே. ஒன்றை மற்றொன்றில் கழித்து மிச்சம் காணும் கணக்கு அறத்தில் இல்லை. இங்கே அக்கணக்கும் ஒழுங்காக நடக்கவில்லை. அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட பிலிப்பினோ வீரர் இரண்டரை இலட்சம் பேர் அளவினருக்கு வாக்களித்த உதவிகளை 1946 பிப்ரவரியில் ஒரு சட்டம் பறித்தது. 2009இல், உயிரோடு எஞ்சிய முதியவர்களுக்கு, அமெரிக்கக் குடிமகனாயின் 15,000 டாலரும் அல்லாதார்க்கு 9,000 டாலரும் ஒரே தவணையில் வழங்கினர். ஒரே போர், ஒரே காயம், இரண்டு விலை.

தகுதிக் கோட்பாட்டுக்கு நம் நாடு அளித்த விடையை இங்கே குறிப்பிடாமல் போவது முறையாகாது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவே. அவ்வாண்டிறுதியில் தொடங்கிய முதற்பொதுத் தேர்தலில் வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும், 17 கோடிக்கு மேற்பட்டோர்க்கு, வாக்கு இருந்தது. படித்துவிட்டு வா என்று எவரையும் திருப்பவில்லை. அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தார் வாக்காளர் பட்டியலில் சேர எழுத்தறிவுத் தேர்வு இருந்தது. அது ஒழிய 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இதைச் சொல்லிப் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயினும், நகரத்து நடுத்தர வீடுகளில், தேர்தல் முடிவு வந்த மாலையில், 'இந்தச் சனங்களுக்கெல்லாம் ஓட்டு எதற்கு' என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லும் குரலையும் கேட்டிருக்கிறோம். பேராசிரியர் வில்சனின் குரல்தான் அது, தமிழில்.

மணிலாவுக்கு அருகே சூபிக்கு விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை நீட்டிக்கும் உடன்படிக்கையைப் பிலிப்பைன்சு மேலவை 1991 செப்டம்பர் 16ஆம் நாள் 12க்கு 11 என்ற கணக்கில் தள்ளியது. 1899இல் ஒரு வாக்கு மிகுதியில் வந்தவர்கள் ஒரு வாக்கு மிகுதியில் வெளியேறினர். பின்னர், 2014இல், அந்நாட்டின் தளங்களை அமெரிக்கப் படை பயன்படுத்த ஒரு புதிய உடன்பாடு ஏற்பட்டது. அதில் கையெழுத்திட்டவர் தம் நாட்டுக்குத் தாமே பொறுப்பானவர் என்பது 1898இன் உடன்படிக்கையினின்று இதனை வேறுபடுத்துகிறது. பலாங்கிகாவின் மணிகளில் இரண்டு வயோமிங் மாநிலத்தின் படைத்தளத்திலும், ஒன்று தென் கொரியாவில் இருந்த அமெரிக்கப் படைப்பிரிவிலும் நெடுங்காலம் இருந்தன. அவற்றைக் கேட்டு அவ்வூராரும் அந்நாட்டரசும் பல்லாண்டு கடிதம் எழுதினர். 2018 டிசம்பரில் மூன்றும் விமானத்தில் வந்து இறங்கின. அம்மாதம் 15ஆம் நாள் ஊர்க் கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டன. எடுத்துச் சென்று 117 ஆண்டுகள் ஆகியிருந்தன.